பாதி லாட்டைப் பிரிக்கக் கூடாது

மகாராஜாவுக்கு விரல்கள் மிச்சம் இருந்தன. அங்கிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும், கண்ணுகளா.

கால் போனது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே. அப்புறம் தோள், அப்புறம் முழங்கை. தசை மெலிந்துகொண்டே வரும் நோய், பிறக்கும்போதே கூட வந்தது, இதற்கு மருந்தில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்த்துக்கொண்டார்கள். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையைத் தூக்கி வைத்துவிட்டால் போதும், பத்து விரலும் அவன் சொன்னதைக் கேட்கும். போனில் அவன் தட்டுகிற வேகம் தங்கை அனுஷாவுக்குக்கூட வராது. அவளோ கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்.

அப்பா தளவாய் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரி. கீல், பூட்டு, தாழ்ப்பாள், போல்ட், நட்டு. கீழே கடை, மேலே வீடு. ஏணிப்படி செங்குத்தாக இருக்கும். மகாராஜா வெளியே போக வேண்டுமென்றால் தளவாயும் கடை ஆள் வேல்சாமியும் நாற்காலியோடு அவனைத் தூக்கி இறக்க வேண்டும். அதனால் அவன் அனேகமாக மாடியிலேயே இருந்தான்.

விஷு அன்று காலையில் தளவாய் எல்லாருக்கும் கைநீட்டக் காசு கொடுத்தார். மகனின் உள்ளங்கையில் நாணயத்தை வைத்து மூடிவிட்டு, "வேற என்ன வேணும் மக்கா, கேளு" என்றார். வருஷா வருஷம் கேட்பார். வருஷா வருஷம் ஒன்றும் வேண்டாம் என்பான்.

அந்த வருஷம், "கம்ப்யூட்டர் வேணும்பா. கேம் வெளையாடுற கம்ப்யூட்டர்" என்றான். "பஸ் ஓட்டணும்."

"பஸ்ஸா?"

"நாகர்கோயில் பஸ்."

யாரோ ஒரு மலையாளிப் பையன் உட்கார்ந்து, நம்முடைய சிவப்பு பஸ்ஸை அப்படியே பஸ் ஓட்டுகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் செய்து வைத்திருந்தான். கண்டக்டர் இழுக்கிற மணிக்கயிறு முதற்கொண்டு. கிழக்கேகோட்டை ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்தால் கரமனைப் பாலம் வரும், நேமம் வரும், பாறசாலை வரும், களியக்காவிளை தாண்டும். ஆச்சி வீட்டுக்குப் போகிற அதே ரோடு. சின்ன வயசில் அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் மேல்தான் உட்காருவேன் என்று மகாராஜா அடம் பிடிப்பான். இஞ்சின் சூடு தொடையில் ஏறும். இறங்கவே மாட்டான்.

"லேப்டாப் ஒண்ணு வாங்கினா போதுமே அண்ணா" என்றாள் அனுஷா. "எதுக்கு வெறுதே மெனக்கேடு?"

"லேப்டாப் வேண்டாம். ஒவ்வொரு சாமானா நான் பாத்து எடுக்கணும். எடுத்துச் சேக்கணும்."

"கடையில சேத்து வச்சிருக்கறதுக்கு என்ன கொறச்சல்?"

"இந்தச் சேரு கேம்ப்ல குடுத்தது. சட்டை அம்மா எடுத்தது. இந்த சீக்கு, நான் கேட்டா வந்திச்சு? ஒண்ணாவது நான் பாத்து எடுத்ததா இருக்கட்டுமே."

அம்மா கோமதியம்மாள் அடுப்பில் ஒன்றுமில்லாதபோதே அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். தளவாய் மகனின் மூடிய கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ எடு மக்கா. நீ சொல்லுகதுதான் வாங்குவேன். அதுல ஒரு ஸ்க்ரூகூட மாறாது."

மாறாது என்றால் மாறாதுதான். தளவாய் அப்படிப்பட்ட மனிதர்.

அந்தச் சித்திரையும் வைகாசியும் போல அந்த வீட்டில் அதற்கு முன்னால் நாட்கள் இருந்ததில்லை. மகாராஜா போனும் கையுமாகவே இருந்தான். எந்தப் பிராசசர், எந்த போர்டு, எவ்வளவு ராம். ஒன்றைத் தேர்ந்தெடுப்பான், மறுநாள் அதைவிட நல்லது ஒன்று கண்ணில் படும், மாற்றுவான். மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்ததும் தளவாய் மேலே ஏறி வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாடம் கேட்பார்.

"பிராசசர் மூளை. போர்டு ஒடம்பு. எல்லாம் அதுலதான் உக்காரும். ஆனா இந்தப் பிராசசர் இந்த போர்டுலதான் உக்காரும், வேறதுல உக்காராது."

"போல்ட்டும் நட்டும்னு சொல்லு. மரை மாறினா ஏறாது."

"அதேதான்பா!"

"ஒங்கம்மா எனக்கு மரை கழண்டு போச்சுங்கா. இவ்ளோ கரெக்டா சொல்லுகேன், பாத்தியா?"

"கழண்டவுகளுக்குத்தான் மரையப் பத்தி நல்லாத் தெரியும்" என்று உள்ளேயிருந்து கோமதியம்மாள் குரல் வரும்.

முடிவெடுக்க அவன் அவசரப்படவில்லை. முடிவெடுத்துவிட்டால் தேர்ந்தெடுக்கிறது முடிந்துவிடுமே. அந்தச் சந்தோஷத்தை அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தான். அதை யார் குறை சொல்ல முடியும்?

வைகாசிக் கடைசியில் தளவாயும் அனுஷாவும் பழவங்காடிக்குப் போனார்கள். கோயிலைத் தாண்டி ஒரு கட்டிடத்தின் மாடியில் ஜெயன் என்பவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். நாற்காலி அந்தப் படியில் ஏறாது. அதனால் மகாராஜா அனுஷாவின் போன் வழியாக முகம் காட்டிக்கொண்டு கூட வந்தான். வாசலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் உள்ளேவரை கேட்டது.

ஜெயன் பிராசசர் டப்பாவை எடுத்து வைத்தான். தளவாய் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்கு? கனமே இல்லியே."

"அண்ணாச்சி, இது வெயிட்டு நோக்கி வாங்குற சாதனம் இல்ல, கேட்டோ" என்று சிரித்தான் ஜெயன்.

பவர் சப்ளை வந்தது. தளவாய் தூக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. "இது சரக்கு."

போனுக்குள்ளிருந்து மகாராஜா சிரித்த சிரிப்பில் கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் ஜெயனிடமே எடுக்கலாம் என்றாள் அனுஷா. தளவாய் சம்மதிக்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் பழகியவர் யாரும் ஒரு வீட்டுக்கு வேண்டியதை ஒரே கடையில் எடுக்க மாட்டார்கள். ஒன்றில் நல்லது கொடுப்பான், இன்னொன்றைத் தலையில் கட்டுவான் என்பது அவர்கள் கணக்கு. பிராசசர் ஜெயனிடம், போர்டு வேறொரு இடத்தில், கேபினட் கொச்சியிலிருந்து. ஸ்டியரிங் மட்டும் பெங்களூரிலிருந்து வர வேண்டும். அவனால் பெடலைக் காலால் மிதிக்க முடியாது. ஸ்டியரிங்கிலேயே விரலால் அழுத்துகிற மாதிரி ஒன்று இருக்கிறது என்று மகாராஜா கண்டுபிடித்து வைத்திருந்தான். கிராபிக்ஸ் கார்டு, ஓணத்துக்குப் புது மாடல் வருகிறது, அதைத்தான் எடுக்க வேண்டும் என்றான்.

"அதுவரைக்கும்?"

"காத்திருப்போம்பா. நல்லதா வரட்டும்."

வந்த சாமான்களைத் தளவாய் சாமி அறையில் அடுக்கினார். ஒரு டப்பாவின் ஒட்டுத்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அது அவர் அப்பா காலத்துச் சட்டம். சொன்ன சரக்கு மொத்தமும், அதாவது லாட் முழுக்க, வந்து சேராமல் பாதி லாட்டைப் பிரிக்கக் கூடாது. பிரித்துவிட்டால், மீதியில் ஒன்று சரியில்லை என்றாலும் மொத்தமாகத் திருப்பி அனுப்ப முடியாது. சீல் உடைத்தவனுக்குப் பேச வாயில்லை. கடையின் மூலையில் அப்போதும் கீல் பெட்டிகள் சில கயிறு கட்டியபடி கிடந்தன. மீதிப் பெட்டிகள் வரவில்லை. கீல் கேட்டு வருகிறவர்களைத் தளவாய் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தபோது மகாராஜா, "ஸ்டியரிங் வேண்டாம்பா" என்றான்.

"ஏன் மக்கா?"

"எடத்த அடைக்கும். கையில பிடிக்குற கன்ட்ரோலரு போதும்."

தளவாய்க்குப் பெருமை. கீழே போய் வேல்சாமியிடம், "பாத்தியாலே, அப்பனுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நெனைக்கான்" என்றார்.

கொஞ்ச நாளில் கன்ட்ரோலரும் வேண்டாம் என்றான். மவுஸ் போதும். அதுவும் எடையில்லாத மவுஸ், லேசாகத் தொட்டாலே கிளிக் ஆகிறது. திரை மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்றான்.

அனுஷாதான் முதலில் கவனித்தாள். அண்ணன் போனில் தட்டுவதை விட்டுப் பேசத் தொடங்கியிருந்தான். கேட்டால், கை ஈரமாக இருக்கிறது என்பான். ஸ்ட்ரா போட்ட டம்ளரைக் கையில் கொடுத்தால், அங்கே வை, அப்புறம் குடிக்கிறேன் என்பான். அம்மா வந்து புகட்டுவாள். "ராஜாவுக்கு சேவகம் பண்ணணும்லா" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள், அவனும் கூடச் சிரிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "கையக் காட்டு அண்ணா."

"எதுக்கு?"

"என் விரலப் பிடி."

அவன் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தான். பிடித்தான் என்று அவன்தான் சொன்னான். அவளுக்கு ஒரு துணி மேலே கிடப்பது போலத்தான் இருந்தது.

"எப்ப முதல்?"

"விஷு கழிஞ்சதும். மொதல்ல இடது. இப்ப வலதுல இது ரெண்டும் கேக்கும். கட்டவிரலு பாதி நேரம்."

"அப்பாகிட்ட சொல்லணும்."

"சொல்லாத." அவன் குரல் உயரவில்லை. "சொன்னா ஆஸ்பத்திரி, வைத்தியம், நேர்ச்சைன்னு தூக்கிட்டு ஓடுவாங்க. அதோட இது நின்னுரும். எதுக்கு இனிமேன்னு அம்மா அழுவா. கார்டு வரட்டும் அனு. ஒரே ஒரு வாட்டி ஸ்டாண்டுல இருந்து எடுத்துக் கரமனைப் பாலம் தாண்டிட்டேன்னா போதும். அப்புறம் நீயே சொல்லு."

அவள் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே மகாராஜா அப்பாவைக் கூப்பிட்டான். "எப்பா, கார்டு இல்லாமலே ஓடும். பிராசசருலயே கொஞ்சம் கிராபிக்ஸ் உண்டு. மங்கலாத் தெரியும், அவ்வளவுதான். இப்பவே சேத்துருவமா?"

தளவாய் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எம்மவன் எதுக்கு மங்கலாப் பாக்கணும்? நீ எடுத்தது அந்தக் கார்டு. அதுதான் வரும்."

"வரும்போது மாட்டிக்கலாம்பா."

"பாதி லாட்டப் பிரிக்கக் கூடாது மக்கா. போர்டுல ஒரு கோளாறுன்னு வையி, எவன் மாத்தித் தருவான்? பொறு. மொத்தமாப் பிரிப்போம்."

"பிரிங்கப்பா" என்றாள் அனுஷா.

"நீ சும்மா இரு. அவனே பொறுமையா இருக்கான், ஒனக்கு என்ன?"

சொல்லாதே என்பதுபோல் மகாராஜா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓணம் வந்தது. கார்டு வந்த வேகத்தில் விற்றுப் போனது. ஜெயன் அதற்கு ஒரு படி கீழே ஒன்று இருக்கிறது, ஒரு குறையும் தெரியாது என்று போனில் கெஞ்சினான். மகாராஜாவே, "அது போதும்பா, வாங்கிருங்க" என்றான். தளவாய் சிரித்தார். அப்பனுக்காக இறங்கி வருகிறான் என்று அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டார். "மொதல்ல சொன்ன வார்த்தைதான் வார்த்தை. அதுல மாத்தமில்ல." கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் தனக்குத் தெரிந்த வியாபாரிகளுக்கெல்லாம் சொல்லி, ஆள் வைத்துத் தேடினார். அவர் பிரியம் அப்படி. அந்தப் பிரியத்தின் முன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்வான், சொல்லுங்கள்.

கடைசியில் கார்டு வந்து சேர்ந்தது. அன்று துர்காஷ்டமி.

அந்த ஊரில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பார்கள். பிள்ளைகளின் புத்தகம், கடையின் தராசு, தொழில் செய்கிற ஆயுதம் எல்லாம் தேவி முன்னால் போய்விடும். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தளவாய் கடைத் தராசையும் ஸ்பானர்களையும் துடைத்து வைத்தார். பக்கத்திலேயே கம்ப்யூட்டர் டப்பாக்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்.

மகாராஜா நாற்காலியில் இருந்தபடியே வாசற்படிக்கு வெளியிலிருந்து பார்த்தான். "அத மட்டும் வைக்காண்டாம்பா. ஜெயன் அண்ணன் இப்பக் கூப்பிட்டா வருவாரு. இன்னிக்கே சேத்துருவோம்."

"பொட்டு வச்சாச்சே மக்கா. தேவிக்கு முன்ன வச்சத எடுக்கலாமா? தசமி அன்னைக்கு நீதான் மொதல்ல எடுக்கப் போற."

மடியில் கிடந்த மகாராஜாவின் வலது கையில் ஒரு விரல் மட்டும் லேசாக மேலே எழும்பி இறங்கியது. அதை அனுஷா மட்டும் பார்த்தாள்.

மறுநாள் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவனைப் போன்றவர்களுக்கு இருமிச் சளியை வெளியே தள்ளவும் தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை. விஜயதசமி காலையில் ஊரெல்லாம் பிள்ளைகள் அரிசியில் முதல் எழுத்து எழுதிக்கொண்டிருந்தபோது, அவன் வாயில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். தளவாய் தராசை எடுத்தார், ஸ்பானரை எடுத்தார், கடையைத் திறந்தார். டப்பாக்களை எடுக்கவில்லை. "அவன் வந்து எடுக்கட்டும்" என்றார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. தீபாவளி போயிற்று.

கார்த்திகையில் அவன் வீட்டுக்கு வந்தான். மூக்கில் ஒரு முகமூடி, பக்கத்தில் மூச்சு இழுத்து விடுகிற ஒரு மெஷின். கைகள் மடியில் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. காய்ச்சல் அசதி, தேறிவிடும் என்று தளவாய் எல்லாரிடமும் சொன்னார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தளவாய்தான் அப்படிக் கேட்டுக்கொண்டார்.

வந்த மறுநாளே ஜெயனை வரவழைத்தார். மகாராஜாவின் கையைத் தன் கையால் எடுத்து ஒவ்வொரு டப்பாவின் மேலும் வைத்து, "எடுத்தாச்சு" என்றார். ஜெயன் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். போர்டில் பிராசசர் உட்கார்ந்தது. ராம் உட்கார்ந்தது. தேடித் தேடி வாங்கிய கார்டு உட்கார்ந்தது. எதிலும் ஒரு கோளாறும் இல்லை. எல்லாம் சரியாகப் பொருந்தியது. மகாராஜா அத்தனை சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"அண்ணாச்சி, இவன் ஆளு கொள்ளாம், கேட்டோ" என்றான் ஜெயன். "ஒரு வயர்கூட கூடுதலும் இல்ல, கொறவும் இல்ல."

முகமூடிக்குள் மகாராஜா சிரித்தது கண்ணில் தெரிந்தது.

அப்போது தளவாய் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை இழுத்தார். யாருக்கும் தெரியாமல் ஆடியிலேயே பெங்களூருக்குச் சொல்லி வரவழைத்தது. சீல் உடையவில்லை. "ஸ்டியரிங் வேண்டாம்னு சொன்னா விட்டுருவேனா? எனக்குத் தெரியாதா ஒன் மனசு?" என்றார். தன் கையாலேயே ஒட்டுத்தாளைக் கிழித்தார்.

அனுஷா, "அப்பா" என்றாள். அது அவர் காதில் விழவில்லை.

நாற்காலியின் குறுக்கே ஒரு பலகை வைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு கிளாம்பால் ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடித்தார். நல்ல கனம். "சரக்கு" என்றார். ஜெயன் விளையாட்டைத் திறந்தான்.

திரையில் கிழக்கேகோட்டை விடிந்தது. ஈரமான ரோடு, கம்பத்தில் காக்கை, ஸ்டாண்டில் சிவப்பு பஸ். நெற்றியில் நாகர்கோயில் என்று எழுதியிருந்தது. ஜெயன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் உறுமியது. அந்த ஸ்டியரிங், வண்டி ஆடினால் தானும் ஆடுகிற வகை. மேலே வைத்த மகாராஜாவின் கைகள் இரண்டும் கடகடவென்று நடுங்கின.

"எடு மக்கா" என்றார் தளவாய்.

கைகள் நடுங்கிக்கொண்டே மெல்ல மெல்ல வழுக்கி, இரண்டு பக்கமும் பலகையில் விழுந்தன. தளவாய் எடுத்து வைத்தார். விழுந்தன. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வளையத்தைச் சுற்றி வைத்தார். பூட்டுக்குக் கொண்டி போடுகிற கவனத்தோடு. அவை விரிந்தன.

"அப்பா." முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "விரலு இல்லப்பா."

"அசதி மக்கா. காய்ச்சலு."

"இல்லப்பா. விஷு கழிஞ்சதுமே போகத் தொடங்கியாச்சு."

தளவாய் அனுஷாவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்து நின்றாள். ஸ்டியரிங் வேண்டாம் என்றது, கன்ட்ரோலர் வேண்டாம் என்றது, லேசான மவுஸ் என்றது, இன்றைக்கே சேர்ப்போம் என்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த மனிதர் முகத்தில் வந்து நின்றன. எழுந்து மகனின் பின்னால் போய், இரண்டு பக்கமும் கையை விட்டு, மகனின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பஸ் நகர்ந்தது. ஸ்டாண்டைவிட்டு வெளியே மூக்கை நீட்டியது. சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியறியாத மனிதர். கை அழுந்தி அழுந்திப் பிடித்தது.

"விடுங்கப்பா" என்றான் மகாராஜா.

"பாலம் வரைக்கும் மக்கா. பாலம் தாண்டிருவோம்."

"விடுங்க. இது நீங்க ஓட்டுகது."

அவர் விட்டார். பஸ் ரோட்டில் குறுக்காக நின்றது. ஜெயன் தன் பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினான்.

"அணைச்சிரட்டுமா அண்ணா?" என்று அனுஷா கேட்டாள்.

"வேண்டாம். கைய மட்டும் மேல எடுத்து வையி. ஆடுகது தெரியுது."

அவள் எடுத்து வைத்தாள். விழாமல் தன் துப்பட்டாவால் வளையத்தோடு சேர்த்துக் கட்டினாள். இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. கோமதியம்மாள் கஞ்சியோடு வந்தாள். அவளுக்குத் திரையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஈரத் தெருவில் குறுக்கே நிற்கிற பஸ்ஸைப் பார்த்துவிட்டு, "வண்டி இன்னும் கெளம்பலியா மக்கா?" என்று கேட்டாள்.

தளவாய் கீழே கடைக்கு இறங்கினார். கீல் கேட்டு வந்த ஒரு ஆசாரி நின்றுகொண்டிருந்தார். "இன்னும் லாட் முழுக்க வரல்ல ஆசாரி" என்று வேல்சாமி வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தளவாய் மூலைக்குப் போனார். கயிறை அறுத்தார். பெட்டிகளின் சீலைக் கையாலேயே பிய்த்தார். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. கீல்கள் தரையெல்லாம் சிதறி விழுந்தன.

"அண்ணாச்சி! மீதி வரல்லியே அண்ணாச்சி!"

"இருக்கறத எடுத்துக் குடு" என்றார் தளவாய். அவர் பிய்ப்பதை நிறுத்தவில்லை. மேலேயிருந்து பஸ்ஸின் இஞ்சின் சத்தம் படி வழியாக வந்துகொண்டிருந்தது.